கருவி வந்தது, சாவி வரவில்லை

அரசுப் பள்ளிகளில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2016இல் நிதி ஆயோக்கின்கீழ்த் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கம் ஏற்கெனவே 10,000 பள்ளிகளில் இத்தகைய ஆய்வகங்களை நிறுவியிருக்கிறது. தேர்வு பெறும் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள், ஆர்டுயினோ பலகைகள், கைக்கருவிகள். பணத்தின் அளவைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நோக்கத்தை ஐயுறவும் வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாலை ஐந்து மணிக்கு அந்த அறையின் சாவி யாருடைய பையில் இருக்கிறது?

இக்கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின் இவ்வாய்வகங்கள் எந்த மரபின் பெயரைச் சொல்லி நிறுவப்படுகின்றனவோ, அந்த மரபின் வரலாறே பூட்டோடும் சாவியோடும் நடந்த போராட்டந்தான். ‘ஹேக்’ என்ற சொல்லுக்குத் தொழில்நுட்பப் பொருள் தந்தவர்கள் எம்.ஐ.டி.யில் 1946இல் தோன்றிய மாதிரி ரயில்பாதைக் கழகத்து மாணவர்கள். பகலில் பேராசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியதாயிருந்த கணினியை ஆளில்லாத பின்னிரவு நேரங்களில் கைப்பற்றிக் கற்றவர்கள் அவர்கள். பூட்டிய கதவை அவர்கள் அவமதிப்பாகவே கருதினார்கள் என்பதை ஸ்டீவன் லெவி 1984இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தமிழ் நாளேடுகள் ‘ஹேக்கர்’ என்றால் வங்கிக் கணக்கில் கன்னம் வைப்பவன் என்றே எழுதிப் பழகிவிட்டன. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அது இயங்கும் வகையறிந்து, அதைச் செய்தவர் நினைத்தும் பாராத வேலையை அதனிடமிருந்து வாங்குபவர் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். அந்தப் பொருளில் பார்த்தால் பூட்டு உள்ள இடத்தில் ஹேக்கர் இல்லை.

அம்மாணவர்களுக்குப் பின் வந்தவர்கள் நிறுவனத்தின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தமக்கென இடம் தேடினார்கள். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் ஹோம்புரூ கணினிக் கழகம் முதன்முறையாகக் கூடியது. 1981 செப்டம்பரில் பெர்லினில் ஒரு செய்தித்தாள் அலுவலக மேசையைச் சுற்றிக் கேயாஸ் கணினிக் கழகம் பிறந்தது. 2007 கோடையில் அக்கழகத்தின் முகாமுக்குச் சென்று, ஜெர்மனி, ஆஸ்திரிய நகரங்களில் இருந்த ஹேக்கர் கூடங்களைக் கண்டு திரும்பிய அமெரிக்கர்கள் நியூயார்க்கில் என்.ஒய்.சி. ரெசிஸ்டரையும், சான் ஃபிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜையும், வாஷிங்டனில் ஹேக்டிசியையும் உருவாக்கினார்கள். இவற்றுக்கு முதலாளி இல்லை. துறைத் தலைவர் இல்லை. உறுப்பினர் சந்தாவாலும் நன்கொடையாலும் வாடகை கட்டினார்கள். கருவிகளைப் பொதுவில் வைத்தார்கள். கூட்டம் கூடி முடிவெடுத்தார்கள்.

இக்கூடங்களில் நடப்பவை மூன்று. முதலாவது, செயல்திட்டம்: ஒருவர் தாம் விரும்பியதைத் தாமே செய்வது. இரண்டாவது, வகுப்பு: தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லித் தருவது. மூன்றாவது, கொண்டாட்டம்: கூடி உண்பது, பாடுவது, கதை பேசுவது. நாய்ஸ்பிரிட்ஜில் திங்கட்கிழமை மாலை மின்சுற்றுகளைப் பற்றவைக்கக் கற்றுத்தரும் வகுப்பு. செவ்வாய்க்கிழமை இரவு பொதுக்கூட்டம். இடையிலும் பின்னும் பொதுச் சமையலறையில் எதையாவது வேகவைத்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். 2007 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் இரண்டு ஜெர்மானிய ஹேக்கர்கள் ஒரு கூடத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கான வழிமுறைகளைத் தொகுத்து அளித்தார்கள். அத்தொகுப்பில் இணைய இணைப்புக்கு இணையாகச் சமையலறைக்கும் தனி இடம் உண்டு. கருவிப் பட்டியலை அவர்கள் முதன்மைப்படுத்தவில்லை. மனிதர் கூடுவதற்கான ஏற்பாடு இருந்தால் கருவி தானே வந்து சேரும் என்பது அவர்கள் அனுபவம்.

இந்தியா இம்மரபிலிருந்து எதை எடுத்துக்கொண்டது? கருவிப் பட்டியலை. எதை விட்டது? மீதி அனைத்தையும்.

செயல்திட்டம் இங்கே போட்டியாயிற்று. 2017 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானை எடுத்துக்கொள்ளலாம். தீர்க்க வேண்டிய சிக்கலை அமைச்சகமோ பொதுத்துறை நிறுவனமோ தனியார் நிறுவனமோ எழுதித் தருகிறது. மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்றில் மாணவர்கள் 36 மணிநேரம் உறங்காமல் விடை தேடுகிறார்கள். ஒரு சிக்கலுக்கு ஒரு பரிசுத் தொகை. இதில் மாணவர்க்கு உரியது உழைப்பு மட்டுமே, கேள்வி அவருடையதன்று. அவர் வாழும் தெருவில் மழைநீர் ஏன் தேங்குகிறது, அவர் தாய் தைக்கும் தையல் இயந்திரத்தின் மோட்டார் ஏன் அடிக்கடி சூடேறுகிறது என்ற கேள்விகள் எந்தச் சிக்கல் பட்டியலிலும் இடம்பெறா. 36 மணிநேரத்தில் ஒரு பொருளைச் செய்து காட்டலாம். அது உடைவதைப் பார்த்து, ஏன் உடைந்தது என்று ஒரு மாதம் யோசித்து, மீண்டும் செய்ய முடியாது. கற்றல் நிகழ்வது அந்த ஒரு மாதத்தில்தான். ஹேக்கர் கூடத்து மேசையில் பாதி முடிந்த பொருள்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவற்றைத் தோல்வி என்று யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

வகுப்பு இங்கே சான்றிதழாயிற்று. இரண்டு நாள் பயிலரங்கு, இறுதியில் நெகிழித் தாள் ஒட்டிய ஒரு சான்று, விருந்தினர்க்குப் பொன்னாடை, குழுப் புகைப்படம். கல்லூரியின் தரமதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வரி கூடுகிறது. பயிலரங்கில் ஒருவர் மேடையில் செய்து காட்டுவதை இருநூறு பேர் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார்கள். சால்டரிங் இரும்பைக் கையில் பிடிக்காமல் ஈயம் உருகும் கணத்தை அறிய முடியாது. நீந்தக் கற்க வந்தவரைக் கரையில் உட்காரவைத்து நீரின் இயல்பு பற்றிச் சொற்பொழிவாற்றுவது போன்றது இது.

கொண்டாட்டமோ பேச்சுக்கே இடமின்றி வெட்டப்பட்டது. ‘ஆய்வகத்தில் என்ன விருந்து?’ என்று கேட்பவர்கள் அதைப் பொறுப்பான கேள்வி என்று நம்புகிறார்கள். உண்மையில் இந்நாட்டில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

யாரோடு யார் அமர்ந்து உண்பது என்பது இந்தியாவில் ஒருபோதும் வெறும் சாப்பாட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. 1917 மே 29 அன்று கொச்சி சமஸ்தானத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தியபோது அவருடைய சொந்தச் சமூகத்தாரே அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள். வ.வே.சு. ஐயர் 1922இல் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் பாடம் எல்லோர்க்கும் ஒன்றாகத்தான் இருந்தது, பந்திதான் இரண்டாயிருந்தது. அந்த இரண்டாவது பந்தி தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. நூறாண்டு கழிந்தும் கதை முடியவில்லை. 2018இல் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகம் ஒன்றில் சைவ உணவினர்க்கெனத் தனி வாயிலும் தனிக் கைகழுவும் தொட்டியும் குறித்துச் சுவரொட்டிகள் தோன்றின. எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டன. 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் சைவத்துக்கென மேசை ஒதுக்கியதை எதிர்த்து அங்கே அசைவம் உண்ட மாணவர்க்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நாட்டின் தலைசிறந்த ஆய்வகங்களுக்கு நூறடி தொலைவில் நிலைமை இது. ஆய்வகத்துக்குள் ஒன்றாக உழைத்தவர்கள் வெளியே வந்ததும் இரண்டு மேசையில் பிரிகிறார்கள் என்றால், அவர்கள் உள்ளே உருவாக்கும் அறிவு எந்த மேசைக்குப் போய்ச் சேரும்?

சமபந்தியால் மட்டும் சாதி அழிந்துவிடாது என்பதை அம்பேத்கரே 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு தட்டுப் பிரியாணி புரட்சி செய்யும் என்று யாரும் வாதிடவில்லை. வாதம் மிக எளியது: ஒருவரிடம் ‘எனக்கு இது புரியவில்லை, சொல்லிக்கொடு’ என்று கூச்சமின்றிக் கேட்பதற்கு அவரோடு பழகியிருக்க வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் வகுப்பறையில் வாய்திறக்காமலிருப்பது அறியாமையால் அன்று. தம் கேள்வி தம் குடும்பத்தை, தம் ஊரை, தம் ஆங்கிலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சத்தால். அந்த அச்சம் விரிவுரையில் கரைவதில்லை. தேநீரிலும் பாட்டிலும் வீண்பேச்சிலும்தான் கரைகிறது. கொண்டாட்டத்தை வெட்டியவர்கள் வகுப்பின் வேரையும் சேர்த்தே வெட்டினார்கள்.

உணவைப் போலவே கையும் இந்நாட்டில் சாதி சுமக்கிறது. கம்மியர், தச்சர், கொல்லர், தோல்பதனிடுவோர் ஆகியோரின் கைக்குள் இருந்த பொறியியலைக் கல்லூரிப் பொறியியல் தன் மூதாதையாக ஏற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு 2019இல் அஜந்தா சுப்பிரமணியன் எழுதிய நூல், காலனிய காலந்தொட்டுக் கைவினைப் பயிற்சி ஒருபுறமும் கருத்தளவிலான பொறியியல் கல்வி மறுபுறமும் பிரிந்து, முன்னது கைவினைச் சாதியினருக்கும் பின்னது மேற்சாதியினருக்கும் உரியதாக அமைந்த வரலாற்றை விரித்துரைக்கிறது. ஐ.டி.ஐ.யும் ஐ.ஐ.டி.யும் ஓரெழுத்து இடம்மாறிய பெயர்களாகத் தோன்றலாம். இரண்டுக்கும் இடையே கிடப்பது நாலாயிரம் ஆண்டு இளக்காரம் என்று சொன்னால் மிகையெனச் சிலர் சினக்கலாம்; நூறாண்டுக் கல்விக் கொள்கை என்று சொன்னால் யாரும் மறுக்க இயலாது.

டெல்லி நேரு பிளேசுக்கும் மும்பை லாமிங்டன் சாலைக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் சென்றவர்கள் அறிவார்கள். நிறுவனத்தின் சேவை மையம் ‘பலகையையே மாற்ற வேண்டும்’ என்று கைவிரித்த மடிக்கணினியை, நான்கடிக்கு மூன்றடி மேசையில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், ஒரே ஒரு சிப்பைச் சூடேற்றிக் கழற்றி மாற்றி உயிர்ப்பிக்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வரைபடம் தராத நிறுவனத்தின் பொருளைத் திறந்து, அது இயங்கும் வகையைத் தாமே கண்டறிந்தவர்கள் அவர்கள். ஹேக்கர் என்ற சொல்லின் முதற்பொருள் இந்தியாவில் யாருக்கேனும் பொருந்துமானால் அவர்களுக்கே பொருந்தும். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, ஆண்டிறுதியில் ஒரு வலைவாசலும் திறந்தது. அவ்வுரிமையை அன்றாடம் கைவேலையால் நிலைநாட்டுகிற ஒருவரை எந்த டிங்கரிங் ஆய்வகமாவது மாதம் இருமுறை ஆசிரியராக அழைத்து, மதிப்பூதியம் தந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அது செய்தி. வழிகாட்டி ஆசிரியர் என்ற பெயருக்குப் பட்டமும் நிறுவன அடையாள அட்டையும் தேடப்படும்வரை அது நடவாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நிர்வாகத்துடையது: ‘விலையுயர்ந்த கருவிகள், திறந்து வைத்தால் உடையும், காணாமல் போகும்.’ இதில் பொய் இல்லை. பூட்டுவது ஆசிரியரின் கொடுமையாலும் அன்று. அரசுப் பள்ளியில் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஒரு பெயரின்கீழ் இருக்கிறது. தணிக்கையில் ஒரு மல்டிமீட்டர் குறைந்தால் கேள்வி அப்பெயருக்குத்தான் வரும். ஓய்வுபெறும் நாளில் நிலுவைச் சான்று கிடைக்காமல் இழுபறியாகும். கருவி பயன்பட்டால் அவருக்குப் பாராட்டில்லை; உடைந்தால் தண்டனை உண்டு. இத்தகைய விதியின்கீழ் அறிவுள்ள எவரும் பூட்டவே செய்வார். ஆயுத பூசையன்று ஒருநாள் கருவியைத் தொடாமல் பொட்டிட்டு வைப்பது மரபு. தணிக்கை விதி ஆண்டின் எல்லா நாளையும் ஆயுத பூசையாக்கிவிட்டது. ஆகவே பழியை ஆசிரியர்மேல் போடுவதால் பயனில்லை. மாற வேண்டியது விதி.

அப்படி மாற்ற முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஒருகாலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. காரணம் இதே திருட்டச்சந்தான். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அவ்விதியை விளக்கும்போது அவர் எடுத்துக்காட்டியது அந்தச் சங்கிலியைத்தான். அவர் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம். வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டி ஊர்தோறும் நூலகம் அமைக்க வழி செய்தது. புத்தகம் கிழியும், சில காணாமல் போகும் என்று தெரிந்துதான் அச்சட்டம் இயற்றப்பட்டது. கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்று ஒரு நாடு ஏற்க முடிந்தது என்றால், தேய்ந்த திருப்புளி பயன்பட்ட திருப்புளி என்று ஏற்பதற்கு என்ன தடை?

இரண்டாவது மறுப்பு சந்தையுடையது: ‘கூடிக் களிப்பதால் என்ன விளையும்? தொழில்முனைவோரை உருவாக்குங்கள்.’ இதற்கு விடையாக மேக்கர்பாட்டின் கதையைச் சொல்லலாம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005இல் அட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், முப்பரிமாண அச்சுப்பொறியின் வரைபடங்களை உலகத்துக்குத் திறந்து கொடுத்தது. அந்தப் பொதுச் சொத்தின்மீது, என்.ஒய்.சி. ரெசிஸ்டர் என்ற பொதுக்கூடத்தில், 2009இல் மேக்கர்பாட் நிறுவனம் பிறந்தது. எண்ணற்ற தன்னார்வலர்களின் திருத்தங்கள் அதை வளர்த்தன. 2012இல் அந்நிறுவனம் தன் புதிய பொறியின் வரைபடத்தை மூடிக்கொண்டது. 2013இல் ஸ்ட்ராட்டசிஸ் என்ற பெருநிறுவனம் சுமார் 40 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை விலைக்கு வாங்கியது. பொதுக்கிணற்றில் இறைத்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றபின் கிணற்றுக்கு மூடி போட்ட கதை இது. கூடமே வணிகமானால் என்னவாகும் என்பதற்கு டெக்‌ஷாப் சான்று. 2006இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அச்சங்கிலி நிறுவனம் மாதக் கட்டணம் பெற்றுக் கருவிகளைப் பயன்படுத்த விட்டது. 2017 நவம்பரில் அமெரிக்காவிலிருந்த அதன் கூடங்கள் அனைத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. உறுப்பினர்க்கு அங்கே வாக்கில்லை. ஆகவே காப்பாற்றும் உரிமையும் இல்லை. வாடகை கட்ட உண்டியல் குலுக்கும் நாய்ஸ்பிரிட்ஜ் இன்றும் திறந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பு நண்பர்களுடையது; மூன்றிலும் கனமானது. ‘ஹேக்கர் கூடங்களை இத்தனை உயர்த்த வேண்டியதில்லை. அவை ஆங்கிலம் பேசும் ஆண்களின் பொழுதுபோக்கு மடங்கள்.’ இந்தக் குற்றச்சாட்டில் உண்மை நிறைய உண்டு. எல்லோர்க்கும் திறந்த கதவு என்று எழுதி வைத்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. தலைமையே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவில் கண்ணுக்குத் தெரியாத தலைமை உருவாகும் என்று ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே எழுதினார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அத்தனை கூடங்கள் இருந்தும் 2013இல் பெண்கள் டபிள் யூனியன் என்ற தனிக்கூடம் அமைக்க வேண்டிவந்தது. இந்திய நகரங்களில் இன்று ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்ற பெயரில் இயங்கும் சிலவற்றின் மாதக் கட்டணம் ஒரு துப்புரவுத் தொழிலாளி குடும்பத்தின் மாத வாடகையை எட்டும். வாயிலில் காவலாளி, உள்ளே குளிர்சாதனம், சுவரில் ஆங்கில முழக்கம். அத்தகைய இடத்தைச் சமூகக்கூடம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் இக்குறை, கூடம் வேண்டாம் என்பதற்கு வாதமாகாது. கூடத்துக்கு எழுதப்பட்ட நெறி வேண்டும், கட்டணம் இருக்கக்கூடாது, தாய்மொழி வேண்டும் என்பதற்கே வாதமாகும். அது இயலும் என்று காட்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். புனே அருகே பாபல் என்ற வறட்சிச் சிற்றூரில் 1983இல் எஸ்.எஸ். கல்பாக் நிறுவிய விஞ்ஞான ஆசிரமம், பள்ளியிலிருந்து இடைநின்ற பிள்ளைகளையே தன் மாணவர்களாகக் கொண்டது. பெருநிறுவனத்தின் ஆய்வுத்துறையிலிருந்து விலகி வந்த அறிவியலாளர் அவர். பற்றவைப்பும் தச்சும் உழவும் மின்பணியுமே அங்கே பாடம். ஊருக்குத் தேவையானதைச் செய்துகொடுப்பதே தேர்வு. எம்.ஐ.டி.யின் ஃபேப் லேப் 2002இல் முதன்முதலாக வெளியே கால்வைத்த இடங்களுள் ஒன்று அச்சிற்றூர். பெங்களூருவின் ஒரு குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் துணையோடு எழுந்த அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தில், தினக்கூலிகளின் பிள்ளைகள் பழைய கணினிகளில் ஜிம்ப் மென்பொருளைக் கொண்டு ஓவியம் வரையக் கற்றார்கள். கேரள அரசு 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் கழகங்கள், பொதுப்பள்ளிகளில், கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு இயங்குகின்றன. 2020 கொரோனா முடக்கத்தில் மும்பையின் மேக்கர்ஸ் அசைலம் முகக்கேடய வரைபடத்தைத் திறந்துவிட, பல ஊர்களின் சிறு பட்டறைகள் சேர்ந்து சில வாரங்களில் 10 லட்சம் கேடயங்களைச் செய்து கொடுத்தன. அந்நாளில் கல்லூரிகளின் புத்தாக்க மையங்கள் எத்தனை பூட்டிக் கிடந்தன என்பதை அந்தந்தக் கல்லூரியார் அறிவார்கள்.

அடல் இயக்கத்துக்கும் இது தெரியாததன்று. அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி ஆய்வகத்தை அக்கம்பக்கத்தார்க்குத் திறந்துவிடும் சமூக நாள் ஒன்றை அவ்வியக்கமே வகுத்திருக்கிறது. நல்ல எண்ணம். ஆயின் அம்பேத்கர் பெயரைச் சொன்னால் மகாட் நினைவுக்கு வந்தாக வேண்டும். பொது நீர்நிலைகளை எல்லோர்க்கும் திறக்கும் தீர்மானத்தை மும்பை சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் தன் குளம் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்தே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று கையால் நீரை அள்ளும்வரை ஒருவரும் அதை அருந்த முடியவில்லை. குடிநீரும் ஆய்வகமும் ஒன்றல்ல. அந்த அவமானத்தின் எடையை வேறெதனோடும் ஒப்பிடலாகாது. ஆனால் அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் எல்லாப் பொதுச் சொத்துக்கும் பொருந்தும்: அறிவிப்பு திறப்பதில்லை, கைபட்டால்தான் திறக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் திறக்கும் கதவு 364 நாள் மூடிய கதவே.

ஆகவே 50,000 ஆய்வகங்களுக்கான கருவிகளை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் எழுத வேண்டியவை சில உண்டு. தேய்மானத்துக்கும் உடைப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டை ஒதுக்கி, அந்த அளவுவரை ஆசிரியர்மேல் பொறுப்புச் சுமத்தப்படாது என்று தணிக்கை விதியில் எழுதப்பட வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகளும் ஞாயிறும் அவ்வூரார் அனைவர்க்கும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உட்பட, நூலகம்போலக் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். சாவி தலைமையாசிரியரின் மேசை அறையில் உறங்காமல், மாணவர், பெற்றோர், ஊர்க் கைவினைஞர் அடங்கிய குழுவிடம் இருக்க வேண்டும். அக்குழுவில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். பட்டமில்லாத வல்லுநர்க்குப் பட்டமுள்ளவர்க்கு இணையான மதிப்பூதியம் வேண்டும். பாடம் அவ்வூர் மொழியில் நடக்க வேண்டும். தொல்லை தருபவர்மீது முறையிடவும் விசாரிக்கவும் எழுதப்பட்ட நெறி சுவரில் தொங்க வேண்டும். மாதம் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சமைத்து ஒரே பந்தியில் உண்ண வேண்டும். அதற்கான செலவு நிதிநிலைக் குறிப்பில் கருவிச் செலவுக்கு அடுத்த வரியில், மறைக்காமல், விருந்து என்றே எழுதப்பட வேண்டும்.

கடைசி வரியைக் கண்டு நிதித்துறை அதிகாரி சிரிக்கக்கூடும். 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பொறி உறையும் பிரிக்கப்படாமல் தூசு படிந்து நிற்கும் அறையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வராதிருப்பதுதான் வியப்பு. அரிசியும் பருப்பும் வாங்கச் சில நூறு ரூபாய் தர மனமில்லாத திட்டம், பிள்ளைகளுக்குக் கருவியைத் தரவில்லை. கருவியைக் காவல்காக்கும் வேலையைத்தான் ஆசிரியர்க்குத் தந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி மிகச் சிறியது. பதில் கிடைக்கும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் எழுப்ப வேண்டியது: சாவி யாரிடம்?